தண்ணி கேக்குறாரு

ஜூன் 9, திங்கள்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. பக்கவாதத்தில் பேச்சே நின்றுபோயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பேசுகிறார். நன்றாகவே பேசுகிறார். பர்மிய மொழியில்.

டாக்டர் சொன்னார்: "ரெண்டு பாஷை தெரிஞ்சவங்களுக்கு இப்படி ஆகறது உண்டும்மா. ஒண்ணு போயிரும், ஒண்ணு நிக்கும். எது நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க பேசறது அவருக்குப் புரியும். பதில்தான் இப்படி வரும்." ஏதோ பஸ் தடம் மாறியதைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஐம்பது வயதாகிறது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் அந்த மொழியில் ஒரு சொல் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. எங்கள் பர்மா காலனியில் இருப்பவர்கள் எல்லாரும் அறுபதுகளில் பட்டாள ஆட்சி விரட்டியதால் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், இல்லையென்றால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். சாயங்காலமானால் முனையில் அத்தோ வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு கிழவர்கள் பர்மியத்தில் கதை அளப்பார்கள். அப்பா மட்டும் அங்கே நிற்கமாட்டார். "வந்த எடத்துல இன்னும் என்னடா அந்தப் பாஷை" என்று முணுமுணுத்தபடி போய்விடுவார். அத்தோவை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. நானும் தம்பி போஸும் முனையிலேயே அந்த பர்மா நூடுல்ஸைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம்.

இப்போது அவருக்கு வயிற்றுவலியா, குளிரா என்று கேட்டுச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அத்தோ வண்டிக்காரப் பவுனத்தைதான் பகலெல்லாம் அவரோடு இருக்கிறார். கடை சாயங்காலம்தான் என்பதால் முடிகிறது. பவுனத்தை அப்பா வந்த அதே கப்பலில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக வந்தவர்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் உள்ளே நுழைந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னத்தை சொல்றாரு?"

"தண்ணி கேக்குறாருடி."

கொடுத்தேன். துப்பிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

"தண்ணி கேக்குறாரு." கொடுத்தேன், துப்பினார், விரிப்பை மாற்றினேன். துணி காயவில்லை.

ஜூன் 12, வியாழன்

சோற்றுப் பிரச்சினை. அப்பாவுக்கு விடிவதற்குள் உலை இறங்கியாக வேண்டும். முதல் கரண்டிச் சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கிழக்குச் சுவரில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்குவார். ஊரில் அமாவாசைக்குக் காக்கைக்கு வைப்பார்கள். எங்கள் வீட்டில் தினம் அமாவாசை. கேட்டால் "முன்னோருக்கு" என்பார். அம்மா இருந்தவரை காய்ச்சலோடுகூட இருட்டில் எழுந்து அரிசி களைவாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் தூங்கிப்போய் நேரமாகிவிட்டது என்று அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இப்போது மாடி ஏற முடியவில்லை அல்லவா, இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். நான் போய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு வரும்வரை தட்டுகிறார். மூத்திரப் பையை மாற்ற வேண்டும், டிபன் கட்ட வேண்டும், எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு நடுவில் இந்தக் காக்கை விருந்து.

பிளஸ் டூவில் இன்று பண்பாடு, மொழி, சமயம் என்ற பாடம் ஆரம்பித்தேன். உலக வரைபடத்தை மாட்டி, மக்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று அம்புக்குறி போட்டேன். பர்மாவிலிருந்து சென்னைக்கும் ஒன்று. மனிதர்கள் இடம் மாறும்போது இந்த மூன்றையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றேன். பின் வரிசையிலிருந்து கயல் எழுந்தாள்.

"மிஸ், அதுல எது முதல்ல தொலையும்?"

"உடுப்பு. அப்புறம் மொழி. சாமியும் சோறும் கடைசி வரைக்கும் இருக்கும்."

"எங்க தாத்தாவும் பர்மாதான் மிஸ். அவரு எல்லாத்தையும் தொலைச்சுட்டாரு. கோவத்தை மட்டும் பத்திரமாக் கொண்டாந்துட்டாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த மாதத்தில் முதல் தடவை.

ஜூன் 15, ஞாயிறு

போஸ் சென்னையிலிருந்து வந்தான். அப்பாவைப் பார்க்க என்று சொன்னான். ஆப்பிள் வாங்கி வந்தான். மெல்லவே முடியாத மனுஷருக்கு ஆப்பிள்.

வந்த விஷயம் அவன் மகள் ஓவியா. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் டேனியல் என்ற பையனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். மைசூர்ப் பக்கத்துப் பையன், வீட்டில் கன்னடம், கிறிஸ்தவன். போன வருஷம் அப்பா நன்றாக இருந்தபோதே இது வீட்டுக்கு வந்தது. அப்பா அவளை நடுக்கூடத்தில் நிற்க வைத்து விரல் விட்டு எண்ணினார். "பாஷை வேற, சாமி வேற, சோறு வேற. மூணும் வேறயா இருக்குற வீட்டுல போயி நீ என்னன்னு பொழைப்ப?"

இந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்த சேவியர் சாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது இதே கூடத்தில் இதே மூன்று விரல். "பாஷை ஒண்ணுதானேப்பா, சோறும் ஒண்ணுதானே, அவங்க வீட்டு மீன் குழம்பும் நம்ம குழம்பு மாதிரியேதான் இருக்கு" என்று வாதாடினேன். "ஒண்ணு வேறன்னா மூணும் வேறதான்" என்றார். அதோடு முடிந்தது. சேவியர் சாரைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை.

போஸ் இப்போது அவசரப்படுகிறான். நம் சனத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டானாம். இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்த வீட்டிலேயே பூ வைக்கிறார்களாம்.

"எதுக்குடா இங்க?"

"அப்பா கண்ணு முன்னாடி நடக்கட்டும்க்கா. அவரு வாக்கு அது. அவரு இருக்குறப்பவே காப்பாத்திரணும்."

"ஓவியா சரின்னுட்டாளா?"

"தாத்தா பேச்சை அவ தட்டமாட்டா."

தட்டமாட்டாள். அது எனக்கும் தெரியும். சின்ன வயதில் லீவுக்கு வந்தால் தாத்தா முதுகிலேயே கிடப்பாள். அவரிடம் முகம் கொடுத்து "முடியாது" என்று அவளால் சொல்ல முடியாது. அதைத்தான் போஸ் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கேசரி கிண்டிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

என் பெயர் ஜான்சிராணி. நேதாஜியின் பெண்கள் படையை நினைத்து அப்பா ஆசையாக வைத்த பெயர். அந்தக் கூடத்தில் மூன்று விரலுக்குப் பயந்து தலை குனிந்த ஜான்சிராணி.

ஜூன் 19, வியாழன்

இன்று பவுனத்தையிடம் கத்திவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். தினமும் அதே பேச்சுத்தான், எனக்கே ராகம் பழகிவிட்டது. நடுவில் "லா பா, லா பா" என்று வரும். இடது கையை நீட்டி என்னைக் கிட்டக் கூப்பிடுகிறார். நெற்றி வியர்த்து, கண்ணில் தண்ணீர் வழிய ஒரு மனிதர் மூச்சு முட்டப் பேசி முடிக்கிறார். பவுனத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்கிறார்:

"தண்ணி கேக்குறாருடி."

"இவ்வளவு நேரம் பேசினது தண்ணிக்கா?"

"அந்தப் பாஷை அப்படித்தான். சுத்தி வளைச்சுத்தான் கேக்கணும்."

"இருபத்தஞ்சு வருஷமா நான் பள்ளிக்கூடத்துல மொழிப் பரப்பு பாடம் எடுக்குறேன் அத்தை. எங்கிட்ட சொல்றீங்களா இந்தக் கதையை? தண்ணின்னா கொடுத்தா குடிக்கணும்ல? தினமும் என் மேலயே துப்புறாரே!"

பவுனத்தை எழுந்து செருப்பை மாட்டினார். "வண்டிக்கு எண்ணெய் காய வைக்கணும்" என்றார். கடை போட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நாளைக்கு வரும்போது உண்மையோட வாங்க. இல்லன்னா வராதீங்க" என்றேன். சொன்ன பிறகுதான், அவர் வராவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவேன் என்று நினைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

லீவு போட்டேன். பவுனத்தை வந்தார். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அங்க நடந்ததை இங்க பேசுறதில்லடி. கப்பல்லயே பெரியவங்க பேசி வச்சுக்கிட்டது. அவங்கவங்க எதை விட்டுட்டு வந்தாங்களோ அதைப் பத்தி யாரும் யார்கிட்டயும் கேக்கக்கூடாது. வீட்டை விட்டவன் இருந்தான், வயலை விட்டவன் இருந்தான். உங்கப்பா பொண்டாட்டியை விட்டுட்டு வந்தாரு."

அவரே சொன்னார்.

"சேன்னு பேரு. மா சேன்னு கூப்பிடுவாங்க. அந்த ஊர்ப் பொண்ணு, புத்தரைக் கும்பிடுறவ. பெகு பக்கத்துல வயல் வேலையில ரெண்டு பேருக்கும் பழக்கம். அவங்க பெரியவங்க முன்னாடி கல்யாணமும் பண்ணிக்கிட்டு ஒரு வருஷம் ஒண்ணா இருந்தாங்க. கப்பலேறுற அன்னிக்கு அவளும் மூட்டையோட துறைமுகத்துக்கு வந்துட்டா. எங்கம்மாகூட 'ஏறு, ஏறு'ன்னா. உங்க தாத்தாதான் ஏணிக்குக் குறுக்க நின்னுக்கிட்டாரு. 'பாஷை வேற, சாமி வேற, சோறு வேற. ஊருக்குக் கூட்டிப் போனா எவன் சேத்துக்குவான்?'னாரு."

"யார் சொன்னது?"

"உங்க தாத்தா. உங்கப்பா கிட்ட."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏறிட்டாரு. அவ மூட்டையைக் கீழ வைக்காமலே நின்னா. கப்பல் நகர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வெற்றிலையை எடுத்தார், போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இப்ப சொல்றாருடி. அன்னிக்குச் சொல்லாததை. 'லா பா'ன்னா வான்னு அர்த்தம். 'வா, கிளம்பு, எடம் இருக்கு. எங்கப்பா கிட்ட நான் பேசிக்கிறேன்.' உன்னைப் பாத்தா அவ நெனப்பு வருது போல. நான் என்னன்னு சொல்லட்டும் உங்கிட்ட? தண்ணின்னு சொன்னேன்."

அந்தக் காக்கைச் சோறு? அதையும் கேட்டேன். அவர்கள் வீட்டில் விடியற்காலை உலை இறக்கியதும் முதல் சோறு புத்தருக்கு, தெருவில் பொங்கிமார் வந்தால் அவர்களுக்கு. பொங்கி என்றால் அந்த ஊர்த் துறவி. சேன் தினமும் செய்தது அது.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மறுவாரமே எங்கம்மா சொல்லிட்டா. உங்கம்மா, 'சோறுதானே, வச்சுட்டுப் போறேன்'னா."

ஜூன் 21, சனி

காலனி முழுக்கத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். முனையில் நின்று அத்தோ தின்ற கிழவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று நாளாகச் சோறு வைக்கவில்லை. கம்பியைத் தட்டினார். தட்டட்டும் என்று விட்டேன். காக்கைகள் மாடிச் சுவரில் வந்து கத்திவிட்டுப் போயின.

வேளாவேளைக்கு ஊட்டுகிறேன், துடைத்து விடுகிறேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறேன். பேசுவதில்லை. "லா பா" என்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் அவர் ஒரு பர்மாக்காரியைக் கட்டியதில் இல்லை. அவளை விட்டு வந்ததில்கூட முழுசாக இல்லை. இருபத்திரண்டு வயது, எதிரே அப்பன், பின்னால் பட்டாளம், நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ. நானும்தானே தலை குனிந்தேன். ஆனால் அந்த வாக்கியம் எவ்வளவு வலிக்கும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் இவர். நெஞ்சில் வாங்கியவர். வாங்கியதைக் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். பத்திரமாகக் கொண்டுவந்து, துடைத்து வைத்திருந்து, பெற்ற மகள்மேல் எறிந்தார். ஒரு வார்த்தை மாறவில்லை. நான் அழுத அன்றைக்கும் விடியற்காலையில் மாடிக்குப் போய் அவளுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

கயல் சொன்னதைத் திருத்த வேண்டும். இவர் கோபத்தைக் கொண்டுவரவில்லை. அவர் அப்பாவின் வாக்கியத்தைக் கொண்டுவந்தார்.

ஜூன் 26, வியாழன்

ஓவியா போன் செய்தாள்.

"அத்தை, தாத்தா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். டேனியல் கிட்ட சொல்லிட்டேன். அவன் போனை வச்சுட்டான்."

"உனக்குச் சம்மதமா?"

"தாத்தா படுத்துக் கெடக்குறப்ப நான் எப்படி அத்தை சண்டை போடுறது? அவர் நல்லா இருந்திருந்தா போட்டிருப்பேன்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பச்சைப் பட்டுப் புடவை எடுத்திருக்காங்க. எனக்குப் பச்சையே பிடிக்காது" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். போனில் இதை எப்படிச் சொல்வது? உன் தாத்தா வாக்கு உன் தாத்தாவுடையதே இல்லை என்று எங்கே தொடங்குவது? "சீக்கிரம் தூங்கு" என்று வைத்துவிட்டேன். எனக்கு என்மேல்தான் இப்போது அதிகக் கோபம்.

ஜூன் 29, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். மல்லிகை, வெற்றிலை, பழம், புடவை. போஸ் வேட்டி சட்டையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்து, புதுத் துண்டு போட்டிருந்தான். பவுனத்தையை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் கட்டில் தலைமாட்டில் நின்றார்.

"மொதல்ல தாத்தா கிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கம்மா" என்றான் போஸ். ஓவியா பச்சைப் புடவையில் வந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கைதான். ஆனால் அந்தப் பிடி எனக்குத் தெரியும், ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய கை.

பேச ஆரம்பித்தார். அதே பேச்சு, அதே ராகம். "லா பா, லா பா." கண்ணிலிருந்து நீர் இறங்கித் துண்டில் விழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை பூச்சரத்தைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றான் போஸ்.

பவுனத்தை என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "தண்ணி கேக்குறாரு தம்பி."

போஸ் சொம்பை எடுக்கப் போனான்.

"தண்ணி இல்லடா" என்றேன். என் குரல் வகுப்பில் கத்துகிற குரலாக வந்தது. "அத்தை, சரியாச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

பவுனத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அப்பா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"'வா'ங்கிறாரு. 'கிளம்பு, எடம் இருக்கு'ங்கிறாரு. 'எங்கப்பா கிட்ட நான் பேசிக்கிறேன், நீ பயப்படாத'ங்கிறாரு."

ஓவியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவா? அவரோட அப்பா செத்து எத்தனை காலமாச்சு? யாரு கிட்ட பேசுறாரு இவரு?" போஸ் பவுனத்தையிடம் பாய்ந்தான். "நீங்களா இட்டுக்கட்டிச் சொல்றீங்களா?"

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். சேன், மூட்டை, கப்பல் ஏணி, குறுக்கே நின்ற அப்பாவின் அப்பா, அந்த மூன்று விரல். "உம் பொண்ணுகிட்ட நீ சொல்ற வாக்கு இருக்கே, அது அப்பாவோடது இல்லடா. அப்பாவை அதை வச்சுத்தான் அறுத்தாங்க. அதை வச்சுத்தான் என்னை அறுத்தாரு. நீ இப்ப இவளை அறுக்க அதையே எடுத்துட்டு வந்து நிக்கிற. அவரு அதைத் திருப்பி வாங்கிட்டாருடா. உங் காதுல விழல? திருப்பி வாங்கிட்டாரு!"

"அவருக்கு நெனவு இல்லக்கா! இவளை அந்தப் பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டுப் பேசுறாரு!"

நான் பவுனத்தையைப் பார்த்தேன். "எப்பவும் சேன்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாரு. இன்னிக்குப் பேரு சொல்லலையே தம்பி" என்றார் அவர், மெதுவாக.

அது உண்மையா, பவுனத்தை எனக்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சில் எங்கே பெயர் வரும் என்று நான் இதுவரை கவனித்ததில்லை.

ஓவியா குனிந்து தாத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க. உங்க மேல தப்பே இல்ல" என்றாள். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, பையோடு வந்தாள். போஸ் வாசலில் நின்றான். குறுக்கேதான் நின்றான்.

அவள் அவன் எதிரில் போய் நின்றாள். தலை குனியவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போஸ் கடைசியில் ஒரு ஓரமாக நகர்ந்தான்.

ஜூன் 30, திங்கள்

போஸ் நேற்றே போய்விட்டான், சொல்லிக்கொள்ளாமல். பழத்தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாழைப்பழத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

பாடம் முடிந்தது. வரைபடத்தைச் சுருட்டும்போது அந்த பர்மா அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களைத்தான் அது காட்டுகிறது. மூட்டையோடு நின்றவள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேர்வுக்கு வராது என்பதால் யாரும் கேட்கவுமில்லை. டஸ்டரை எடுத்துப் பலகையில் எழுதியதை அழித்தேன். கயல் கேட்டாள், "மிஸ், ஏன் இவ்வளவு அழுத்தித் தேய்க்கிறீங்க?"

ஜூலை 4, வெள்ளி

போஸ் போன் செய்தான். திட்டப்போகிறான் என்று நானும் தயாராக இருந்தேன்.

"அந்தம்மா பேரு என்னக்கா சொன்ன?"

"சேன்."

"ம்" என்றான். வைத்துவிட்டான்.

அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று ஓவியா செய்தி அனுப்பியிருக்கிறாள். அப்பா வருவாரா மாட்டாரா என்று தெரியவில்லை என்று கீழே எழுதியிருக்கிறாள். அவள் சொல்வது போஸை.

ஜூலை 6, ஞாயிறு

இருட்டிலேயே எழுந்து உலை இறக்கினேன். இரண்டு கிண்ணம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். முதல் கரண்டி, மூட்டையைக் கீழே வைக்காமல் நின்ற அந்தப் பெண்ணுக்கு. அடுத்தது, காய்ச்சலோடு எழுந்து அவளுக்காகச் சமைத்த என் அம்மாவுக்கு. முன்னோருக்கு என்று நான் எதையும் வைக்கவில்லை. குறுக்கே நின்ற அந்தக் கிழவனுக்கு என் வீட்டுச் சோறு கிடையாது.

கீழே வந்தேன். பவுனத்தை இன்று சீக்கிரமே வந்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "லா பா."

இதுவரை நான் பதில் சொன்னதே இல்லை. இன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தமிழில், அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொன்ன தமிழில் சொன்னேன்.

"அவ வரமாட்டாப்பா. அம்மாவும் போயிட்டா. ஓவியாவும் கிளம்பிட்டா. நான்தான் இருக்கேன். என்னை யாரும் 'வா, கிளம்பு'ன்னு சொல்லல. நீங்க சொல்லல. அதனால நான்தான் இருக்கேன்."

அப்பா பேச்சை நிறுத்தினார். என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். யாரையோ பார்ப்பதுபோல் இல்லை, என்னைத்தான் பார்த்தார். அப்புறம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பழைய ராகம் இல்லை. "லா பா" இல்லை. சின்னதாக ஒரு வாக்கியம். முன்னால் அதை நான் கேட்டதே இல்லை.

பவுனத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்னத்தை சொல்றாரு?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "தண்ணி கேக்குறாருடி."

நான் மறுபடி கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, எனக்குத் தெரியாத பாஷையில் சொல்வதை நான் ஏன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன்.

குடித்தார்.